புல்லுக்கு விரித்த பாய்

கோல்ஃப் விளையாட்டைப் பற்றி இப்பத்தியில் எழுதப்படுகிறது என்று கண்டதும் வாசகர்களிற் பலர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். அது பணம் படைத்தோர் ஆட்டம், நுவரெலியாவிலே தோட்டத் துரைமார் ஆடிய ஆட்டம், நமக்கும் அதற்கும் யாது தொடர்பு என்ற எண்ணம் நம்மவரிடையே ஆழப் பதிந்துள்ளது. அவ்வெண்ணம் முற்றிலும் பிழையென்று கூறுவதற்கில்லை. ஆயினும் இவ்வாரம் நாம் பார்க்கப்போவது ஆட்டத்தையன்று. அவ்வாட்டம் நடைபெறும் புல்லையும், அப்புல்லைக் குளிர்காலத்திற் காப்பதற்கு ஓர் ஊரார் கைக்கொள்ளும் எளிய உபாயத்தையுமே. அவ்வுபாயத்தின் பின்னணியில் ஒரு பொது நிலத்தின் கதை இருக்கிறது. நிலத்தின் அருமை அறிந்தவர்களாகிய நமக்கு அக்கதை அந்நியமாகத் தோன்றாது.

ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையிலே, ஃபைஃப் என்னும் பகுதியில், சென்ற் அன்ட்றூஸ் என்ற சிறு நகரம் உண்டு. அந்நகரின் கடலோர மணல்வெளியில் அமைந்துள்ள ஓல்ட் கோர்ஸ் என்னும் மைதானத்தைக் கோல்ஃப் ஆட்டத்தின் தாயகம் என்று உலகெங்குமுள்ள ஆட்டக்காரர்கள் போற்றுகின்றனர். பிரித்தானியாவின் புகழ்பெற்ற ஓப்பன் போட்டி 2022 வரை 30 தடவைகள் அங்கே நடைபெற்றிருக்கிறது. 2022இல் நடந்தது அப்போட்டியின் 150ஆவது ஆட்டம். இத்துணைப் பெருமை வாய்ந்த மைதானத்திலே நவம்பர் முதல் மார்ச் இறுதிவரை ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. ஃபெயர்வே எனப்படும் குட்டையாக வெட்டப்பட்ட புற்பரப்பில் வந்து நிற்கும் பந்தை எவரும் புல்லின் மீதிருந்து நேரே அடித்தலாகாது. செயற்கைப் புல்லாலான சிறு பாய் ஒன்றை விரித்து, பந்தை எடுத்து அதன்மேல் வைத்து, அதன் பின்னரே அடித்தல் வேண்டும்.

பாய் என்றதும் நாம் படுத்துறங்கும் பாயை எண்ணிவிட வேண்டாம். இது பள்ளிப் பிள்ளைகளின் கொப்பியளவே இருக்கும். பாரமும் அதிகமில்லை. ஆட்டக்காரர் தமது பையிலே அதனைக் கொழுவிக்கொண்டு நடப்பார். பந்து நின்ற இடத்திற் கீழே வைப்பார். அடித்தபின் எடுத்துக்கொண்டு மீண்டும் நடப்பார். சில பாய்களில் நிலத்திற் பிடித்து நிற்பதற்குச் சிறு முளைகளும் உண்டு. உலகின் மிகப் பெயர்பெற்ற மைதானத்தின் புல்லை ஐந்து மாதங்களுக்குக் காத்து நிற்பது இவ்வளவே. அதே கடலோரத்தில் வடக்கே உள்ள கார்னூஸ்ரியிலும் குளிர்காலத்தில் இவ்வழக்கம் கைக்கொள்ளப்படுகிறது.

பந்தை அடித்தாற் புல்லுக்கு என்ன கேடு என்று கேட்கலாம். ஃபெயர்வேயில் நிற்கும் பந்தை இரும்பு முனையுடைய தடியால் அடிக்கும்போது தேர்ந்த ஆட்டக்காரர் மேல்நோக்கிக் கிண்டுவதில்லை. தடி கீழ்நோக்கி இறங்கி, முதலிற் பந்தைத் தாக்கி, அதன்பின் நிலத்தைச் சீவிக்கொண்டு செல்கிறது. அவ்வாறு சீவப்படும்போது வேரோடும் மண்ணோடும் உள்ளங்கையளவு புற்சில்லு ஒன்று பெயர்ந்து பறக்கிறது. இதனை டிவொட் என்பர். ஆட்டம் கைவராதவர்தாம் நிலத்தைக் கொத்துவர் என்று எண்ணுதல் வேண்டா. நன்றாக ஆடுபவரே ஒழுங்காகச் சீவி எடுப்பவர். ஆகவே இது கவனயீனத்தால் வரும் சேதமன்று. ஆட்டத்தின் இயல்பிலேயே உள்ள சேதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஒரு சுற்றில் இருபது புற்சில்லுகளைப் பெயர்க்கிறார் எனவும், நாளொன்றுக்கு நூறு பேர் ஆடுகின்றனர் எனவும் வைத்துக்கொள்வோம். நவம்பர் முதல் மார்ச் இறுதிவரை 151 நாட்கள். ஓல்ட் கோர்ஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் இல்லையாதலால் அவற்றைக் கழித்தால் ஏறத்தாழ 130 நாட்கள் எஞ்சும். இருபதை நூறாற் பெருக்கி, அதனை 130 ஆற் பெருக்கினால் 2,60,000 வடுக்கள்! இஃது எனது மனக்கணக்கேயன்றி எவரும் எண்ணிச் சொன்ன தொகையன்று. இதிற் பாதியென்று கொண்டாலும் அந்நிலம் என்னவாகும் என்பது விளங்கும். மேலும் இவ்வடுக்கள் மைதானமெங்கும் சமமாகப் பரவி விழுவதுமில்லை. கடலோர மணல்வெளி மேடும் பள்ளமுமானது. உருண்டு வரும் பந்துகள் குறித்த சில பள்ளங்களிற் சென்று சேர்கின்றன. எனவே நூற்றுக்கணக்கானோர் அதேயிடத்தில் நின்று அதே சில அடிப் பரப்பையே சீவ நேரிடுகிறது.

கோடையாயின் பெரிய கவலை இல்லை. பெயர்ந்த குழியில் மணலும் விதையும் கலந்து இட்டால் சில வாரங்களிற் பச்சை பிடித்துவிடும். குளிர்காலத்திலோ மண்ணின் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் புல்லின் வளர்ச்சி பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இட்ட விதையும் முளைப்பதில்லை. டிசம்பர் பிற்பகுதியிலே சென்ற் அன்ட்றூஸில் பகற்பொழுது ஏறத்தாழ ஏழு மணித்தியாலமே. அந்த ஏழு மணித்தியாலத்திலும் சூரியன் அடிவானத்தை ஒட்டியே ஊர்ந்து செல்கிறது. நவம்பரிற் பட்ட காயம் ஏப்ரல்வரை ஆறாமற் கிடக்கும். புல் உறங்குகிறது, உறங்குபவனுக்குக் காயம் படலாம், ஆனால் ஆறாது.

காயம் ஆறத் தாமதமாவது கண்ணுக்குத் தெரியும் தீங்கு. கண்ணுக்குத் தெரியாத தீங்கு ஒன்றும் உண்டு. மைதானத்தைப் பராமரிப்போர் அதற்கே அதிகம் அஞ்சுகின்றனர். கடலோர மணல்வெளிகளுக்கு உரிய புற்கள் ஃபெஸ்கியூ, பென்ற் என்பன. ஊசிபோல் மெல்லியவை, ஆழ வேரூன்றுபவை, உப்புக் காற்றையும் வறட்சியையும் சத்தற்ற மணலையும் தாங்குபவை. அவற்றுட் சிறப்பாக ஃபெஸ்கியூ மெதுவாகவே வளர்வது. மிதிபட்டும் கிழிபட்டும் விரைவில் மீளும் திறன் அதற்கு இல்லை. அது கிழிபட்ட வெற்றிடத்தில் வந்து குடியேறுவது வேறொரு புல். போவா அனுவா என்பது அதன் தாவரவியற் பெயர். வீதியோரத்திலும் நடைபாதை இடுக்கிலும் நாம் காணும் அதே களைப்புல்தான். ஆண்டின் பெரும்பகுதியில் அது பூத்து விதைக்கும். குளிர்ந்த ஈரமண்ணிலும் இடம் பிடித்துவிடும். வேரோ ஆழமற்றது, வெயில் கண்டால் வாடும், நோய் கண்டால் மடியும். அதனை வாழவைக்க நீரும் உரமும் மருந்தும் இட்டபடியே இருக்க வேண்டும். அவ்வாறு நீரும் உரமும் இடுவது அக்களையை மேலும் வளர்க்குமேயன்றி, வறுமையில் வாழப் பழகிய ஃபெஸ்கியூவுக்கு உதவாது.

ஆகவே ஓராண்டுக் குளிர்காலத்திற் பட்ட வடு அடுத்த ஆண்டில் மறைந்துவிடலாம். மறைந்த இடத்தில் நிற்பது பழைய புல்லாக இருக்காது. இவ்வாறு பத்து, இருபது ஆண்டுகள் கழிந்தால் மைதானத்தின் பெயர் மாத்திரம் பழையதாயிருக்கும், தரை மாறிவிடும். பாயைக் குறித்து எரிச்சலடையும் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது தீங்கை அறியாதவர்கள் என்றே எனக்குப் படுகிறது.

அவ்வாறாயின் குளிர்காலத்தில் மைதானத்தை மூடிவிட்டால் என்ன? நியாயமான கேள்வி. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள ஒகஸ்ரா நஷனல் என்னும் புகழ்பெற்ற கழகம் ஒவ்வோர் ஆண்டும் கோடை முழுவதும் மூடப்பட்டுவிடுகிறது. அங்கே புல்லுக்குப் பகை குளிரன்று, வெயில். அது தனியார் கழகம். உரிமையாளர் கதவைச் சாத்தினால் கேட்பாரில்லை. கனடாவிலோ பனியே வந்து கதவைச் சாத்திவிடுகிறது. ரொறன்ரோவில் வாழும் நம் உறவினர்கள் அறிவார்கள்: நவம்பர் பிற்பகுதியில் மைதானங்கள் மூடப்படுகின்றன, கிறீன் எனப்படும் குழியுள்ள நுண்புற்பரப்பின்மேல் பெரிய விரிப்புகளை இழுத்துக் கட்டிவிட்டுப் பராமரிப்போர் வசந்தத்துக்காகக் காத்திருக்கின்றனர். அங்கே பனிக்கட்டியும் பனிக்கீழ்ப் பூஞ்சணமுமே பெரும் கவலை, ஆட்டக்காரன் அல்லன்.

சென்ற் அன்ட்றூஸின் நிலை வேறு. அங்கே தரை மணல். பெய்த மழை வடிந்துவிடுகிறது. லண்டனைச் சூழவுள்ள களிமண் மைதானங்கள் டிசம்பரிற் சேறாகிக் கிடக்கும்போது அக்கடலோர மைதானத்தில் சப்பாத்து நனையாமல் நடக்கலாம். கடற்காற்றுக் காரணமாகப் பனியும் நெடுநாள் தங்குவதில்லை. குளிர்காலத்திலும் ஆடக்கூடிய நிலம் என்பதே அதன் சிறப்பு, அதுவே அதற்கு ஆபத்து. இயற்கை அதற்கு ஓய்வு கொடுப்பதில்லை.

மூடாததற்கு இதனினும் வலுவான காரணம் ஒன்று உண்டு. அந்நிலம் எவருடைய தனிச்சொத்துமன்று. அது ஊர்ப் பொதுநிலம். நம்மூர்களில் மாடு மேய்க்கும் தரவை எவ்வாறு ஊருக்குப் பொதுவோ அவ்வாறே இதுவும் இருந்தது. ஆடு மேய்ந்தது, முயல் பிடிக்கப்பட்டது, துணி வெளுத்து உலர்த்தப்பட்டது, இடையிலே கோல்ஃபும் ஆடப்பட்டது. 1552இல் தலைமைக் குருவான ஹமில்ரன் எழுதிக்கொடுத்த பட்டயத்திலே, அந்த மணல்வெளியில் கோல்ஃப் ஆட நகர மக்களுக்குள்ள உரிமை குறிப்பிடப்பட்டிருக்கிறது. அங்கே முயல் வளர்க்கும் உரிமையைத் தலைமைக் குரு தமக்கு வைத்துக்கொண்டார். இந்த முயலால் பின்னாளில் ஊர் இரண்டுபட்டது.

நகரசபை கடனில் மூழ்கியதால் 1797இல் அந்நிலம் அதன் கையை விட்டுப் போயிற்று. முயல் வணிகத்தில் இலாபம் கண்டவர்கள் அங்கே முயல்களைப் பெருக்கினர். அவை புல்லைத் தின்றன, நிலத்தைக் குடைந்தன, மைதானம் பொந்துமயமாயிற்று. ஆட்டக்காரர்களுக்கும் முயல் வளர்ப்போருக்கும் இடையே வழக்கும் சண்டையுமாக இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்தன. இறுதியில் 1821இல் ஜேம்ஸ் சீப் என்ற உள்ளூர் நிலவுடைமையாளர் அந்நிலத்தை வாங்கி ஆட்டத்துக்கு மீட்டுக்கொடுத்தார். 1894இல் பாராளுமன்றச் சட்டமொன்றின் மூலம் அது மீண்டும் நகரசபையிடம் வந்தது. 1974இல் இன்னொரு சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட லிங்ஸ் ட்ரஸ்ற் என்னும் பொறுப்பாட்சி மன்றமே இன்று அதனை நிர்வகிக்கிறது. உலகின் மறுகோடியிலிருந்து விமானமேறி வருபவர் கோடையில் ஒரு சுற்று ஆட 300 பவுணுக்கு மேல் கொடுக்கிறார். அந்நகரவாசியோ ஆண்டுச் சீட்டுக்குச் சில நூறு பவுண் கட்டிவிட்டு ஆண்டு முழுவதும் ஆடுகிறார். கோல்ஃப் செல்வந்தரின் ஆட்டம் என்ற நமது எண்ணத்துக்கு இந்த ஊர் ஒரு விதிவிலக்கு.

இப்போது பாயின் பொருள் விளங்கும். பொதுநிலத்தைக் குளிர்காலத்தில் மூடினால் யாருக்கு இழப்பு? கோடையில் வந்துபோகும் வெளிநாட்டுச் செல்வந்தருக்கு அன்று. கோடையிலே வெளியூரார் நெருக்கத்தால் ஆட நேரம் கிடையாமல், குளிர்காலத்தை எதிர்பார்த்திருக்கும் உள்ளூர்த் தபாற்காரருக்கும் ஆசிரியருக்கும் ஓய்வூதியம் பெற்ற கிழவருக்குமே இழப்பு. மூடாது விட்டாலோ நிலத்துக்கு இழப்பு. ஓல்ட் கோர்ஸில் ஆண்டொன்றுக்கு நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் ஆடப்படுகின்றன. உரிமையையும் பறிக்காமல், நிலத்தையும் அழிக்காமல், இரண்டுக்கும் நடுவே எதை வைப்பது? கொப்பியளவு பாய் ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

எல்லோரும் இதை மனமுவந்து ஏற்றுக்கொள்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். முணுமுணுப்புகள் பல. புல்லின்மேல் நிற்கும் பந்து ஒருவிதமாகவும் பாயின்மேல் நிற்கும் பந்து வேறுவிதமாகவும் எழும் என்கின்றனர். தடி சற்றுப் பின்தங்கி விழுந்தாலும் பாய் அதனை வழுக்கிவிட்டு மன்னித்துவிடுமாதலால் ஆட்டத் திறன் கெடும் என்பர் ஒரு சாரார். பாயின் விளிம்பு தடியைத் தடுக்கிறது என்பர் மறுசாரார். நிலம் எப்படியோ அப்படியே ஆடவேண்டும் என்பது இவ்வாட்டத்தின் ஆதி நெறி. பந்தைக் கையால் தூக்கி மெத்தையில் வைத்து அடிப்பது அதற்கு மாறானது என்று மரபு பேசுவோரும் உளர். வாழ்நாளில் ஒருமுறை இம்மைதானத்தை மிதிக்கவேண்டும் என்று பணம் சேர்த்து யப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்தவர், அப்புல்லைத் தடியால் தொடக்கூடாது என்று கேட்கும்போது முகம் சுளிப்பதில் வியப்பில்லை. குளிர்காலக் கட்டணம் குறைவு என்பது அவருக்கு ஓரளவு ஆறுதல்.

என்னைக் கேட்டால், இவற்றுள் முதல் முறைப்பாட்டில் நியாயமுண்டு. மரபு பேசும் முறைப்பாட்டில் இல்லை. இவ்வாட்டத்தின் பெரியார்களுள் ஒருவரான ஓல்ட் ரொம் மொறிஸ் 1860களின் நடுப்பகுதியில் சென்ற் அன்ட்றூஸுக்குத் திரும்பிவந்து மைதானக் காப்பாளராகப் பொறுப்பேற்றார். அவர் தலையாய வேலையாகக் கொண்டது புற்றரையில் மணல் தூவி நிலத்தை வலுப்படுத்துவதும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விடாது காப்பதுமே. சமயம் விதித்த ஓய்வுநாள் புல்லுக்கும் பயன்பட்டது. எனவே நிலத்துக்கு ஓய்வு கொடுப்பதும் அங்கே மரபுதான். பாயைவிடப் பழைய மரபு.

வேறொரு குறை பற்றி யாரும் அதிகம் பேசுவதாகத் தெரியவில்லை. இப்பாய்கள் பிளாஸ்ரிக் நாரால் ஆனவை. இரும்புத் தடியின் அடி ஒவ்வொன்றிலும் சிறு நார்கள் உதிரக்கூடும்; அவை விழுவது கடலோர மணலில். ஒரு தீங்கைத் தடுக்கக் கொண்டுவந்த பொருள் மற்றொரு தீங்குக்கு வித்திடாமல் பார்த்துக்கொள்வது பொறுப்பாளர் கடன்.

நம்மவருக்குப் பாய் விரித்து ஆடுவது புதிதன்று. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட மைதானங்களில் தும்புக் கயிற்றுப் பாயை இழுத்து ஆணியடித்து அதன்மேற் கிரிக்கெட் ஆடியவர்கள் இப்பத்தியின் வாசகரிடையே பலர் இருப்பர். அந்தப் பாய் ஆட்டக்காரனுக்காக விரிக்கப்பட்டது; கரடுமுரடான தரையிலே பந்து சீராக எழவேண்டும் என்பதற்காக. இந்தப் பாயோ தரைக்காக விரிக்கப்படுவது. ஆட்டக்காரன் சற்று அசௌகரியப்பட்டாலும் பாதகமில்லை என்பது அதன் ஏற்பாடு.

பாயால் மட்டும் எல்லாம் நடந்துவிடுவதில்லை. உறைபனி படர்ந்த காலைகளில் புல்லின் உயிரணுக்களுள் நீர் உறைந்திருக்கும். அப்போது மிதித்தால் அவை நொறுங்கிப் பின்னர் காலடி வடிவிலே புல் கருகித் தோன்றும். ஆதலால் பனி உருகும்வரை ஆட்டத்தைப் பிற்போடுவர். அதிகம் மிதிபடும் இடங்களிற் கயிறு கட்டி வழியை மாற்றிவிடுவர். வெப்பம் திரும்பும் ஏப்ரலில் பாய்கள் உள்ளே சென்றுவிடும். மணலும் விதையும் கலந்த வாளிகளோடு பணியாளர்கள் குழி குழியாக நிரப்பிச் செல்வர். யூலை மாதத்தில் தொலைக்காட்சியிலே நாம் பார்த்து வியக்கும் வழவழப்பான பச்சை, சனவரியில் யாரோ ஒருவர் விறைத்த கையால் குனிந்து பாய் விரித்ததன் விளைவு.

அந்நிலத்தைப் பார்க்க விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. சென்ற் அன்ட்றூஸில் 1969 முதல் புகையிரத நிலையம் இல்லை. லூக்கர்ஸ் என்னும் நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் செல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமையே உகந்த நாள். மிகச்சில போட்டி நாட்கள் நீங்கலாக அன்று ஆட்டம் கிடையாது, மைதானம் பூங்காவாகிவிடும். நுழைவுச்சீட்டு இல்லை, வாயிற்காவலர் இல்லை. பிள்ளைகள் ஓடுவர், நாய்கள் உலாவும், முதலாம் பதினெட்டாம் ஃபெயர்வேக்களைக் குறுக்கறுத்துச் செல்லும் ஊர்வீதியால் மக்கள் கடற்கரைக்குப் போவர். கடும் உறைபனி படர்ந்த காலையாயின் மாத்திரம் புல்லின்மேல் ஏறாமல் வீதியோடு செல்லுங்கள்.